கசக்கிப் பார்த்தாயா?

பிரன்ஸ்விக், மெல்போர்ன்
7 ஏப்ரல் 1974

அன்புள்ள வெர்ன் அண்ணாவுக்கு நோலா எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌகரியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சிக்னெட்டில் இப்போதே குளிர ஆரம்பித்திருக்கும். நான் பின்னித் தந்த கம்பளிக் காலுறையைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காமல் எடுத்துப் போட்டுக்கொள்.

ஒரு சின்ன விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு அங்கே வந்துவிட்டுக் கிளம்பும்போது, விமான நிலையத்தில் என் கையில் ஒரு தீப்பெட்டியைத் திணித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "உள்ள தைலமர விதை இருக்கு. தொட்டியில போட்டு வை. ஊர் ஞாபகம் வந்தா பாத்துக்கோ" என்றாய். திறந்தால் மூக்குப்பொடி மாதிரி இருந்தது. நம்பிக்கையே இல்லாமல்தான் தூவினேன். ஐந்து முளைத்தன. நாலை நத்தை தின்றது. ஒன்று பிழைத்து இப்போது என் முழங்கால் உயரம் நிற்கிறது.

எனக்கென்னவோ அது தைலமரம் என்று தோன்றவில்லை. நம் ஊர் மரங்களுக்கு இலை அரிவாள் மாதிரி நீளமாகத் தொங்கும் அல்லவா? இதற்கு உருண்டை இலை, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. மேலே மாவு பூசின மாதிரி வெள்ளிச் சாம்பல் நிறம். எதிரும் புதிருமாக ஜோடி ஜோடியாக வருகிறது. வாசனை கிடையாது. துளிகூடக் கிடையாது. பக்கத்து வீட்டு ஸ்டமாத்தியா, அந்தக் கிரேக்கத்துக்காரி, பால்கனியில் ஐந்து தொட்டி திருநீற்றுப்பச்சை வளர்க்கிறாள். அங்கிருந்து ஏதாவது களை வந்து விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அது தைலமரம் இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு. நிம்மதியாகத் தூக்கிப் போட்டுவிடுவேன்.

சொல்ல மறந்தேனே, கேக் கடை வேலையை விட்டுவிட்டேன். நாள் முழுக்க நின்றால் கால் வலிக்கிறது. வேறு விசேஷம் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை
நோலா


சிக்னெட், தாஸ்மேனியா
17 ஏப்ரல் 1974

அன்புத் தங்கை நோலாவுக்கு, முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலமாக உள்ள உன் அண்ணன் வெர்ன் எழுதுவது. ஈஸ்டருக்கு நீ அனுப்பிய பிஸ்கட் டப்பா வந்தது. இந்தத் தடவை இஞ்சி கொஞ்சம் தூக்கல், தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றேன். ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

நாற்பது வருஷம் மரத்தின்மேல் ஏறித் தைலமர விதை பறித்தே பிழைப்பு நடத்திய மனுஷனிடம், நான் கொடுத்த விதையையே "இது தைலமரமா" என்று கேட்கிறாய். நல்ல கேள்விதான். அடி அசடே, தைலமரத்துக்குக் குழந்தையில் ஒரு சட்டை, வயசானால் வேறு சட்டை. சின்னதில் உருண்டை இலை, வளர்ந்தபின் அரிவாள் இலை. நீயும்தான் குழந்தையில் உருண்டையாக இருந்தாய், யாராவது உன்னை வேறு ஜாதி என்றார்களா?

ஆனால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு என் கொட்டகையில் நாலு வகைக் காய் செய்தித்தாளில் காய்ந்துகொண்டிருந்தது. விமானத்துக்கு நேரமாகிறது என்று நீ பறந்த பறப்பில், கைக்கு வந்ததைத் தீப்பெட்டியில் போட்டேன். சீட்டு எழுதவில்லை. விதை பறிக்கிற எங்கள் குழுவில் சீட்டு இல்லாத மூட்டை லாரியில் ஏறாது. மரத்தின் பெயர், விதை எடுத்த இடம், தேதி. கடைசி வரி, 'முகர்ந்தவர்'. இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்த ஆள் அதில் தன் பெயரை எழுத வேண்டும். கண் ஏமாற்றும், மூக்கு ஏமாற்றாது என்று எங்கள் மேஸ்திரிக்கு அவ்வளவு நம்பிக்கை. சீட்டில்லாமல் என் கையைவிட்டுப் போன விதை வாழ்நாளிலேயே உனக்குத் தந்தது ஒன்றுதான்.

அதனால் வகை தெரிய வேண்டும். நீலத் தைலமரமாக இருந்தால் தொட்டியில் அடங்காது, உன் மாடிக் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போகும். மற்ற மூன்றும் நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டால் தொட்டியிலேயே சமர்த்தாக இருக்கும். தொட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைக்காதே. வடக்கு வெயில் படுகிற பக்கம் வை. ரோஜாவுக்குப் போடுகிற உரத்தை இதற்குப் போட்டுவிடாதே, செத்துப்போகும்.

எல்லாவற்றுக்கும் முதலில், இலையைக் கசக்கிப் பார்த்தாயா? கசக்கி மூக்கருகே வைத்து என்ன வாசனை என்று எழுது. கால் வலிக்குச் சூடு போடு.

உன் அண்ணன்
வெர்ன்


பிரன்ஸ்விக்
2 மே 1974

அன்புள்ள அண்ணாவுக்கு, நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

கசக்கினேன். ஒன்றும் இல்லை. காகிதத்தைக் கசக்கின மாதிரி இருந்தது. கீழ்ப்பக்கம் தண்டு வேறு மொட்டையாக நிற்கிறது. ஏதோ புழு தின்கிறது போல. நான் சொன்னதுதான் சரி, இது தைலமரம் இல்லை. வெள்ளிக்கிழமை குப்பை வண்டி வரும்போது போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

பிஸ்கட்டில் இஞ்சி தூக்கலாக இருந்ததற்கு மன்னித்துக்கொள். கை தவறியிருக்கும்.

நோலா


சிக்னெட்
9 மே 1974

அன்புள்ள நோலா, உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்து நான் பார்த்ததில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

குப்பையில் போடாதே. போட்டால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டுக்கு வந்து அத்தனை பிஸ்கட்டையும் தின்று தீர்ப்பேன். வாசனை இல்லாத தைலமரம் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை, அதிலும் உருண்டை இலைக்காரன் எல்லாம் கூடுதலாகவே மணப்பான். ஒரு ஜோடி இலையைப் பறித்து உறையில் வைத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன்.

புழு என்றாயே, எந்த மாதிரிப் புழு? ஓரத்தைக் கடிக்கிறதா, காம்போடு தின்கிறதா? இங்கே எல்லோரும் நலம் என்று சொல்ல என்னைத் தவிர ஆளில்லை. நான் நலம்.

வெர்ன்


பிரன்ஸ்விக்
20 மே 1974

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம். குளிர் வந்துவிட்டது. நலம்தான்.

இதோ இலை. பைபிளில் இரண்டு நாள் வைத்து அழுத்தி எடுத்தேன். இதோடு இந்தப் பேச்சை விட்டுவிடு. ஒரு தொட்டிச் செடிக்கு இத்தனை தபாலா என்று தபால்காரரே சிரிக்கிறார். புழுவை நான் பார்க்கவில்லை.

நோலா


சிக்னெட்
28 மே 1974

அன்புள்ள நோலா, நலமாக இருக்கிறாயா என்று வழக்கமாகக் கேட்கிற மாதிரி கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. தபாலாபீஸ் க்வெண்டா கவுண்டருக்கு உள்ளேயிருந்தே கத்தினாள். "வெர்ன், உன் தங்கச்சி என்னத்த அனுப்பியிருக்கா? மூட்டைய அவுத்ததிலேர்ந்து ரூம் பூரா மணக்குது!" உறையைப் பிரித்தேன். இரண்டு நாள் பைபிளில் நசுங்கி, கடல் தாண்டி, மூட்டையில் கிடந்து, அதற்கப்புறமும் அந்த இலை அப்படி மணந்தது. கசக்கவே வேண்டியிருக்கவில்லை.

இது என்ன மரம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த இடத்து மரம் என்றும் தெரியும். ஆனால் சொல்லமாட்டேன். பழைய பெட்டியில் எங்கள் குழுவின் சீட்டு ஒன்று மிச்சம் இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன். நாலு வரியும் காலி. நீயே முகர்ந்து நீயே எழுது.

இப்போது நேராகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் மூக்கு எப்படி இருக்கிறது? எத்தனை நாளாக? இஞ்சி தூக்கலானது அதனால்தானா? கேக் கடையை விட்டது கால் வலியால்தானா? டாக்டரிடம் போனாயா?

பதிலை எதிர்பார்த்து,
வெர்ன்


பிரன்ஸ்விக்
14 ஜூலை 1974

வெர்ன் அண்ணனுக்கு பக்கத்து வீட்டு ஸ்டமாத்தியா வணக்கம். நல்லா இருக்கீங்களா? முட்டிக்கு ஆலிவ் எண்ணெய் சூடு பண்ணி தேய்ங்க. எனக்கு உங்க பாஷையில எழுத்து வராது, பேசற மாதிரியே எழுதறேன். தப்பு இருந்தா சிரிச்சுட்டு விட்டுடுங்க.

நீங்க போட்ட லெட்டர் வந்துச்சு. ஆறு வாரமா தங்கச்சி பதில் போடலன்னு எழுதியிருந்தீங்க. நோலாக்கா உயிரோட இருக்கா, பயப்படாதீங்க. ஆனா உயிரோட இருக்கறது என்னாலதான், அதையும் சொல்லிடறேன்.

போன மாசம் ஒரு நா மத்தியானம் துணி காயப்போட வந்தேன். பால்கனி பூரா கேஸ் நாத்தம். ஓடிப்போய் அவ கதவ இடிச்சா, ஆடி அசைஞ்சு வந்து தொறக்கறா. உள்ளே பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு கேஸ் மட்டும் உஸ்ஸுன்னு வந்துட்டிருக்கு. இவ அதுக்குள்ள உக்காந்து பின்னல் போட்டுட்டிருந்திருக்கா! "வா ஸ்டமாத்தியா, டீ போடட்டா?"ன்னு தீப்பெட்டிய கையில எடுக்கறா. தட்டி விட்டேன் பாருங்க, அது தெருவுல போய் விழுந்துச்சு. அப்பறம் ஜன்னல எல்லாம் தொறந்து வச்சுட்டு நான் அவள திட்டினேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. இப்ப அத ஒடைச்சுட்டேன், ஞாயித்துக்கிழமை சாமிகிட்ட பேசிக்கறேன்.

செடிய பத்தி கேட்டீங்க. அதுல புழுவே கெடையாது. அவதான் புழு. தெனம் காலையில ரெண்டு எலைய பறிச்சு கசக்கி மூக்குல வச்சுட்டு அப்படியே நிக்கறா. அப்பறம் சோப்பு போட்டு கைய கழுவறா. மார்ச் மாசமே என்னை கூப்புட்டு, "இது மணக்குதா பாரு"ன்னு கேட்டா. "ஜோரா மணக்குதே"ன்னேன். ரெண்டு நா கதவே தொறக்கல. நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?

நீங்க ஒரு வார்த்த எழுதினா கேப்பா. அவகிட்ட என்னமோ பயம் இருக்கு. எனக்கு சொல்லமாட்டேங்கறா.

இப்படிக்கு
ஸ்டமாத்தியா


பிரன்ஸ்விக்
21 ஜூலை 1974

அண்ணா,

உன் முழங்காலை விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

என் முதுகுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கடிதம் போட்டு வேவு பார்க்கிறாய். அவள் நல்லவள், இரண்டு நாளிலேயே அழுதுகொண்டு வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எனக்கு வயது ஐம்பத்தாறு. நான் உன் கொட்டகையில் காய்கிற காய் இல்லை, புரட்டிப் புரட்டிப் பார்க்க.

சரி. கேட்டாயே, சொல்கிறேன். பிப்ரவரியில் மூக்கு போனது. ஒரு ஜலதோஷம் வந்தது, அது போனது, வாசனை திரும்பவில்லை. கேக் கடையில் க்ரீம் கெட்டுப்போனது தெரியாமல் மூன்று டஜன் கேக்கில் தடவிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் போகச் சொல்லவில்லை. நானே போய்விட்டேன்.

இனி உனக்குத் தெரியாத ஒன்று. இருபத்துமூன்று வருஷமாக நான் சொல்லாதது.

அப்பா இறந்த வருஷம் நீ மேற்குக் காட்டில் கூடாரத்தில் இருந்தாய். வீட்டில் நான்தான். அப்பாவுக்கு முதலில் தலைவலி வரவில்லை, அண்ணா. முதலில் மூக்குதான் போனது. பின்வாசலில் நின்றுகொண்டு, வேலி ஓரத்து மரத்தில் இலையாகப் பறித்துக் கசக்குவார். "இந்த வருஷம் மரத்துக்கு வாசனையே இல்லடி நோலா" என்பார். மரத்தைத்தான் குறை சொன்னார். தினமும் காலடியில் கசங்கின இலை குவிந்து கிடக்கும், நான் பெருக்குவேன். எட்டாவது மாதம் தலைவலி வந்தது. பதினோராவது மாதம் அடக்கம் செய்தோம். தலைக்கு முன்பக்கம் கட்டி வந்தால் வாசனைதான் முதலில் போகும் என்று டாக்டர் அப்புறம் என்னிடம் சொன்னார். உனக்குக் கட்டி என்று மட்டும் எழுதினேன். வீட்டில் இருந்தவள் நான், அது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டாமா என்று நீ கேட்டுவிடுவாயோ என்று பயம்.

எனக்கு இது ஆறாவது மாதம்.

ஸ்டமாத்தியா மணக்கிறது என்றபோது அவள் மூக்கை நம்பவில்லை. உனக்கு எழுதினால், அது தைலமரமே இல்லை, வாசனை இல்லாத ஏதோ ஒரு களை என்று நீ சொல்லிவிட மாட்டாயா என்றுதான் எழுதினேன். நீ சொன்னால் நம்பியிருப்பேன். நீ மணக்கிறது என்று எழுதிவிட்டாய்.

உன் செடி இனி இல்லை. தண்டுக்கு அடியில், மண்ணை ஒட்டி, பட்டாணி அளவு ஒரு வீக்கம் இருந்தது. இப்போது கோலிக்குண்டு அளவு ஆகிவிட்டது. அதற்கும் கட்டி. பார்க்கப் பொறுக்கவில்லை. துணி வெட்டுகிற கத்தரியை எடுத்து வீக்கத்துக்கு மேலே ஒரே வெட்டு. வெறும் தொட்டியும் கட்டையும்தான் நிற்கின்றன.

டாக்டரிடம் போகமாட்டேன். அவர் வாயால் அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

நோலா


சிக்னெட்
26 ஜூலை 1974

என் செல்லத் தங்கை நோலாவுக்கு,

நான் ஏன் கேட்கப்போகிறேன்? அப்பாவை நீ ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டாய். நான் காட்டில் காய் பறித்துக்கொண்டிருந்தேன். குற்றம் சொல்ல வேண்டுமானால் என்னைத்தான் சொல்ல வேண்டும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் நீ இதைத் தனியாகத் தூக்கித் திரிந்திருக்கிறாயே என்று அழுகையாக வந்தது. அழுதேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். செடியின் அடியில் நீ பார்த்தது கட்டி இல்லை. கட்டியே இல்லை! அது அதன் சாப்பாட்டு மூட்டை. நம் மலை மரங்கள் பாதிக்கும் மேல் அப்படித்தான், சின்னதிலேயே மண்ணை ஒட்டி ஒரு வீக்கம் போட்டு வைத்துக்கொள்ளும். காட்டுத்தீ வந்து மரம் மொத்தமும் கரியாகிப்போனாலும் அந்த வீக்கத்திலிருந்துதான் திரும்பத் துளிர்க்கும். தொட்டியைத் தூக்கிப் போடாதே. வாரம் ஒரு தரம் தண்ணீர் ஊற்று, கொஞ்சமாக. வேறு ஒன்றும் செய்யாதே.

உன் மூக்குக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. செடிக்குக் கட்டி என்று நிச்சயமாகச் சொன்னாய், அது தப்பு என்று எனக்குத் தெரியும். ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டவள் இன்னொன்றையும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம் அல்லவா?

டாக்டரிடம் நாள் குறித்துவிட்டேன் என்று அடுத்த வாரத்துக்குள் தந்தி வர வேண்டும். வராவிட்டால் முழங்காலைத் தூக்கிக்கொண்டு நானே விமானம் ஏறுவேன். அப்பா சமயத்தில் நான் அங்கே இல்லை. இந்தத் தடவை இருப்பேன், நீ விரட்டினாலும்.

உன் அண்ணன்
வெர்ன்


பிரன்ஸ்விக்
16 ஆகஸ்ட் 1974

என் அன்பு அண்ணாவுக்கு நோலா. நீ சௌக்கியமா? நான், நான், எப்படிச் சொல்வேன், நான் சௌக்கியம்!

நாள் குறித்தேன் என்ற முதல் தந்திக்குப் பிறகு நேற்று கொடுத்த தந்தியில் "கட்டி இல்லை" என்று மட்டும்தான் இருந்திருக்கும். தபாலாபீஸில் அதற்குமேல் எழுத வரவில்லை. இப்போது முழுசாகக் கேள்.

ஸ்டமாத்தியா ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு கூட வந்தாள். வெளியே உட்காரு என்றால் கேட்டால்தானே. உள்ளே வந்து டாக்டரின் நாற்காலியையே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். காது மூக்கு டாக்டர் சின்ன வயசுக்காரர், நெற்றியில் கண்ணாடி விளக்கு. நான் அப்பா கதையை ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டு, "அது அப்பறம் சொல்லலாம்மா. மொதல்ல தலைய அண்ணாந்து காட்டுங்க" என்றார். விளக்கைப் பிடித்து ஒரு மூக்கில் பார்த்தார், மறு மூக்கில் பார்த்தார்.

"எத்தன நாளா வாயால மூச்சு விடறீங்க?" என்றார்.

"அப்படியெல்லாம் இல்லையே டாக்டர்" என்றேன்.

"பொய்!" என்றாள் ஸ்டமாத்தியா. "கொறட்ட செவுத்த தாண்டி வருது டாக்டர். என் வீட்டுக்காரர் ரயில் போகுதுன்னு நெனச்சுட்டிருக்கார்."

எனக்கு மானம் போனது. டாக்டர் சிரித்தேவிட்டார். "ஒண்ணும் பயப்பட வேண்டாம். ரெண்டு பக்கமும் சத வளந்து அடச்சுட்டிருக்கு. தோலுரிச்ச திராட்ச மாதிரி, கொத்துக் கொத்தா. காத்தே மேல போகல, அப்பறம் வாசன எப்படிம்மா தெரியும்?" என்றார்.

"கட்டி?" என்றேன்.

"இது கட்டி இல்ல. வெறும் சத. எடுத்துடலாம்."

நான் நம்பவில்லை. அப்பா கதையை விடாமல் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். உங்கள் மனசமாதானத்துக்கு என்று தலையைப் படம் எடுத்து, கண்ணைப் பார்த்து, கண்ணைக் கட்டி நடக்க விட்டு, எல்லாச் சோதனையும் செய்தார்கள். ஒன்றும் இல்லை அண்ணா, எல்லாம் சுத்தம்! ஆறு மாதமாக நான் என் சாவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் அந்த நெற்றி விளக்கில் ஐந்தே நிமிஷத்தில் பார்த்துவிட்டார். வெட்கமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது. ஸ்டமாத்தியா டாக்டரின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். நான் அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

செப்டம்பரில் சதையை எடுக்கிறார்கள். வாசனை திரும்புமா என்று கேட்டேன். பெரும்பாலும் திரும்பும், நாளாகும், அவசரப்படாதீர்கள் என்றார். தொட்டியில் கட்டை அப்படியேதான் நிற்கிறது. சத்தியமாக வாரம் ஒரு தரம்தான் தண்ணீர்.

கோபத்தில் எழுதினதை எல்லாம் மறந்துவிடு. முழங்காலுக்கு ஆலிவ் எண்ணெய் தேய்த்தாயா என்று ஸ்டமாத்தியா கேட்கச் சொன்னாள்.

உன் தங்கை
நோலா


சிக்னெட்
22 ஆகஸ்ட் 1974

நோலாக்குட்டிக்கு, உலகத்திலேயே நிம்மதியான கிழவன் எழுதுவது.

உன் இரண்டாவது தந்தியைக் க்வெண்டா படித்துவிட்டு, பூட்டக்கூட மறந்து வீடு வரைக்கும் ஓடி வந்தாள். "கட்டி இல்லையாம் வெர்ன், இல்லையாம்!" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கத்தினாள். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெட்டி கட்டித் தயாராக வைத்திருந்தேன், தெரியுமா? அதில் அந்தக் கம்பளிக் காலுறையும் இருந்தது. பிரித்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.

எண்ணெய் தேய்த்தேன் என்று ஸ்டமாத்தியாவிடம் சொல். அவளுக்கு என் வணக்கம், அவள் கால் இருக்கும் திசைக்கே வணக்கம்.

கட்டையைப் பார்த்துக்கொண்டே இரு. மண்ணுக்கு மேலே குண்டூசித் தலை மாதிரி சிவப்பாக ஏதாவது தெரிந்தால் எழுது. சீட்டு பத்திரமாக இருக்கிறதா? பெயரை இப்போதும் சொல்லமாட்டேன்.

அண்ணன்
வெர்ன்


பிரன்ஸ்விக்
17 நவம்பர் 1974

அன்புள்ள அண்ணாவுக்கு, அநேக நமஸ்காரம். நான் நலம், தொட்டி நலம், ஸ்டமாத்தியா நலம், குறட்டை நின்றுவிட்டதால் அவள் வீட்டுக்காரருக்குத்தான் ரயில் இல்லாமல் தூக்கம் வரவில்லையாம். உன் நலம் அறிய ஆவல்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நாலு வாரம் ஒன்றுமே தெரியவில்லை. மூச்சு நன்றாகப் போனது, அவ்வளவுதான். போய்விட்டது என்றே மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, படியேறி வரும்போது ஏதோ மூக்கைத் தொட்டது. நின்றேன். மீன்! ஸ்டமாத்தியா மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷம் அந்த வாடைக்கு நான் ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன். அன்றைக்கு அவள் கதவைத் தட்டி, உள்ளே போய், சட்டிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு அழுதேன். "பைத்தியமே, எண்ண தெறிக்கும், தள்ளிப் போ!" என்று கத்திக்கொண்டே அவளும் அழுதாள்.

கட்டையைப் பற்றிச் சொல்லவில்லையே. அக்டோபர் முதல் வாரம் நீ சொன்ன அதே சிவப்புக் குண்டூசித் தலை. ஒன்று இல்லை, ஏழு. அந்த வீக்கத்தைச் சுற்றி. இப்போது சாண் உயரம் வந்துவிட்டன. பலமானதாக மூன்றை விட்டு மற்றதை எடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நீ சொல்கிறவரை கை வைக்கமாட்டேன். ஜோடி இலை இரண்டும் ஒட்டிக்கொண்டு, தண்டு நடுவே துளைத்துக்கொண்டு போகிற மாதிரி வருகிறது. போன தடவை அதையெல்லாம் நான் பார்க்க விட்டுவைத்தால்தானே.

மூக்கு வந்த பிறகும் உடனே இலையைத் தொடவில்லை. பயம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இன்று காலை தேவாலயத்திலிருந்து வந்து, கையைக் கழுவிவிட்டு, ஒரே ஒரு ஜோடி பறித்தேன். கசக்கினேன்.

அண்ணா, அது பெப்பர்மின்ட். உறைக்கிற மாதிரி, கண்ணில் நீர் வருகிற மாதிரி. முகர்ந்ததும் நான் பிரன்ஸ்விக்கில் இல்லை. துடைப்பத்தோடு அப்பா காலடியில் குனிந்து நின்றேன். இத்தனை வருஷமாக அந்தக் குவியலின் வாசனை எனக்கு ஞாபகமே இல்லை என்று நினைத்திருந்தேன். வெள்ளி பெப்பர்மின்ட் என்று அப்பா சொல்வாரே, அந்த வேலி ஓரத்து மரம்தானே? வீட்டை வாங்கினவர்களிடம் கேட்டுத்தானே காய் பறித்து வந்தாய்? இடமும் தெரியும் என்று நீ எழுதினது இப்போதுதான் புரிகிறது. மரத்துக்கு அந்த வருஷமும் வாசனை இருந்தது, அண்ணா. நான் கையில் அள்ளினபோது எனக்கு மணந்தது. அப்பாவிடம்தான் சொல்லவில்லை.

சீட்டை எழுதித் தொட்டியில் கட்டிவிட்டேன். உன் மேஸ்திரி லாரியில் ஏற்றுவாரா என்று பார்த்துச் சொல். நகல் கீழே.

கிறிஸ்துமஸுக்கு நீ இங்கே வருகிறாய். பிஸ்கட்டில் இஞ்சி இந்தத் தடவை சரியாக இருக்கும்.

உன் அன்புத் தங்கை
நோலா

பெயர்: வெள்ளி பெப்பர்மின்ட்
இடம்: அப்பா வீட்டுப் பின்வாசல்
தேதி: 17 நவம்பர் 1974
முகர்ந்தவர்: நோலா, அப்பாவுக்கும் சேர்த்து